ரோட்டைப் பார்த்த பிஸ்டன்கள்

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் இருக்கிற அன்னபுஷ்பம் டீசல் ஒர்க்ஸுக்குள் நுழைகிற வண்டிகள் எல்லாமே கரும்புகை கக்கிக்கொண்டுதான் நுழையும். உள்ளே இரண்டு பேர் அதைவிடக் கருப்பாகக் கக்கிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் எபினேசர், குன்றத்தூர்க்காரர், இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த ஷெட்டுக்கு மேஸ்திரி. மற்றவர் பெருமாள்சாமி, போன வருஷம் சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து, வல்லக்கோட்டையில் ஊர்க்காரப் பையன்களோடு வாடகை அறையில் இருப்பவர். இருவருக்கும் வேலை ஒன்றுதான்: செத்த இன்ஜினைப் பிரித்து உயிர் கொடுத்துப் பூட்டுவது. இருவருக்கும் ஆசையும் ஒன்றுதான்: மற்றவன் பூட்டியது மறுபடி சாக வேண்டும்.

நேருக்கு நேர் பேசிக்கொள்வது நின்று ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது. ஸ்பானர் வேண்டுமென்றால் எபினேசர் கூரையைப் பார்த்துக் கேட்பார். பெருமாள்சாமி ஜாக்கியைப் பார்த்துப் பதில் சொல்வார். அந்த ஜாக்கிக்கு வாயிருந்தால் எப்போதோ போலீஸில் புகார் கொடுத்திருக்கும்.

பகை ஒரு பனியனில் ஆரம்பித்தது. இன்ஜினுக்குக் காற்றுப் போகிற வழியில் தூசி விழாமலிருக்க எபினேசர் ஒரு பழைய பனியனை அடைத்து வைத்தார். அடைத்தவர் எடுக்க மறந்தார். அந்த பஸ் மூச்சு முட்டி, படப்பை வரைக்கும் விட்ட புகையில் பட்டப்பகலில் கோழிகள் கூண்டுக்குள் போய் அடைந்தன என்றும், ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலமாகிவிட்டதென்று ரிசப்ஷனையே தொடங்கிவிட்டார்கள் என்றும் பேச்சு. வண்டி திரும்பி வந்ததும் பெருமாள்சாமிதான் பிரித்தார். ஊரே பார்க்க, குறடால் அந்தப் பனியனை மெல்ல மெல்ல இழுத்து வெளியே எடுத்தார். பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா மாதிரி அதை உயரத் தூக்கிப் பிடித்தார்.

“அண்ணாச்சிக்கு எம்பத்தஞ்சு சைஸா, தொண்ணூறாவே?”

சிரிப்பில் எதிர் டயர் கடைக்காரனுக்குப் புரையேறி, அவனை முதுகில் தட்டியே உயிரோடு மீட்டார்கள்.

அடுத்த வாரமே பெருமாள்சாமியின் முறை வந்தது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் வடிகிற ஓட்டையை மூடும் சம்ப் பிளக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேலே புது ஆயிலை டின் டின்னாக ஊற்றினார். ஊற்றியதெல்லாம் ஷெட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. மேய்ச்சலுக்குக் கிளம்பிய எருமை ஒன்று நாலு காலையும் அசைக்காமல், நின்ற வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போய்ச் சேர்ந்ததாம். எபினேசர் அந்தப் பிளக்கை மஞ்சள் கயிற்றில் கோத்து, பெருமாள்சாமியின் சாப்பாட்டுத் தூக்குக்குத் தாலி மாதிரி கட்டித் தொங்கவிட்டார்.

“இனிமே தொலைக்க மாட்டாரு. கட்டிக்கினாரு இல்ல!” என்றார் கூரையிடம்.

ஷெட்டு முதலாளி அன்னபுஷ்பத்துக்கு இதையெல்லாம் பார்த்துப் பார்த்து ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக ஷெட்டை நடத்துகிறவர். அவர் போடுகிற சத்தத்தில் டிப்பர் லாரிகள் தாமாக ஓரம் கட்டும். ஒருநாள் காலை இருவரையும் நடு ஷெட்டில் நிறுத்தினார். பக்கத்தில் சக்கரம் வைத்த ஸ்டாண்டில், நாலு சிலிண்டர் இன்ஜின் ஒன்று எலும்புக்கூடாக நின்றது. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுகிற ஸ்டாஃப் பஸ்கள் ஏழெட்டு வைத்திருக்கும் கன்னியப்பனுடையது.

“இத்த ரெண்டு பேரும் சேந்து பூட்டுங்க. ஆளுக்கு ரெண்டு பிஸ்டன். சாய்ங்காலம் கன்னியப்பன் வருவாரு, அவுரு கண்ணு முன்னாடி கையால சுத்திக் காட்டணும். எவன் கைல தப்பு வந்துச்சோ, அவன் நாளையிலேர்ந்து இன்னொருத்தன் கைக்குக் கீழ வேலை செய்யணும். இன்னொருத்தன்தான் மேஸ்திரி. அப்பால ஒரு சண்டை என் காதுல வுழக்கூடாது.”

மேஸ்திரி என்பது எபினேசருக்கு வேலையின் பெயர் அல்ல, அவருடைய பெயரே அதுதான். எபினேசர் என்பது ரேஷன் கார்டுக்கும் ஞானஸ்நானச் சீட்டுக்கும் மட்டும். கோயிலில் பாஸ்டர் கூப்பிடுவது மேஸ்திரி, பால்காரன் கூப்பிடுவது மேஸ்திரி, பெண்டாட்டி திட்டும்போது கூப்பிடுவதும் மேஸ்திரிதான். இந்தத் தின்னவேலிக்காரன் கைக்குக் கீழ் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதா? அதைவிட அந்த எருமையோடு வழுக்கிக்கொண்டு போய்விடலாம்.

பெருமாள்சாமிக்கும் மீசை துடித்தது. ஆனால் அவர் இன்ஜினைத்தான் பார்த்தார்.

“அம்பு நாலும் மேக்க பாத்து வரணும்வே,” என்றார் ஜாக்கியிடம்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் ஒரு அம்புக்குறி இருக்கும். அது இன்ஜினின் முன்பக்கத்தை, அதாவது ஃபேன் மாட்டுகிற பக்கத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும், இன்ஜின் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. மெக்கானிக் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற சங்கதி. இதில் தப்புச் செய்கிறவனை உலகத்தில் எந்த ஷெட்டிலும் மெக்கானிக் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பெருமாள்சாமிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேச்சே வாயில் வராது. இடது வலதும் வராது. அவருக்கு எல்லாமே திசைதான். “பதினாலாம் நம்பர் ஸ்பானர் ஒமக்குக் கெழக்க கெடக்கு” என்பார். “சட்டைல தெக்குப் பித்தான் அந்துபோச்சி” என்பார். ஸ்ரீபெரும்புதூரில் பல் டாக்டரிடம் போய், “வடக்குக் கடவாப்பல்லு வலிக்கு” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாராம். டாக்டர் அவரை நாற்காலியோடு சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் திசைகாட்டும் கருவி ஒன்று வாங்கிய பிறகுதான் மறுபடி க்ளினிக்கைத் திறந்தார் என்று எபினேசர் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

“மேக்காலயாம்!” என்று கூரையைப் பார்த்துச் சிரித்தார் எபினேசர். “இன்ஜினு சூரியனுக்கு டாட்டா காட்டப் போவுதா? அம்பு ரோட்டைப் பாக்கணும். அவ்ளோதான் மேட்டரு. இருவது வருசமா இந்த ஷெட்ல அம்பு ரோட்டத்தான் பாத்துகினு கீது.”

அதுவும் உண்மைதான். அந்த ஷெட்டில் எந்த இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றினாலும் ஃபேன் பக்கம் ரோட்டைப் பார்க்கத்தான் நிறுத்துவார்கள். ரோடு மேற்கே இருந்தது. ஆகவே அன்றைக்குக் காலையில் ரோடும் மேற்கும் முன்பக்கமும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அது தெரிந்திருந்தால் இரண்டு பேருமே வாயில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

மத்தியானம் பெருமாள்சாமி எதிரே சந்திரம்மாளின் தள்ளுவண்டிக்குச் சாப்பிடப் போனார். அன்னபுஷ்பம் வீட்டுக்குப் போயிருந்தார். ஷெட்டில் எபினேசரும் இன்ஜினும் மட்டும். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்று சொல்வதே மரியாதைக் குறைவு. அது அருள்வாக்கு மாதிரி இறங்கியது.

இவன் மேற்கைப் பார்த்துத்தானே மாட்டுவான்? இன்ஜினையே திருப்பி வைத்துவிட்டால்?

முதலில் ஸ்டாண்டின் நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் விட்டார், கீச்சென்று காட்டிக்கொடுக்கக் கூடாதல்லவா. பிறகு பிள்ளை தூங்குகிற தூளியை நகர்த்துவது போல இன்ஜினை மெல்ல வட்டமாகத் திருப்பினார். ஃபேன் பக்கம் ஷெட்டின் உட்சுவரைப் பார்த்தது. பின்பக்கத்துப் பெரிய பல்சக்கரமான ஃப்ளைவீல் ரோட்டைப் பார்த்தது. அடையாளம் தெரியாமலிருக்க இரண்டு முனையிலும் தார்ப்பாயைப் போட்டு மூடினார். “தூசி, பா, தூசி. எம்மாம் லாரி போவுது!” என்று யாருமே இல்லாத இடத்தில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ளப் பழகியதில் தாடை வலித்தது.

பெருமாள்சாமி பல்குத்திக்கொண்டே வந்தார். ஸ்டாண்டுக்கு முன்னால் நின்றார். தார்ப்பாயைப் பார்த்தார். கூரை ஓட்டை வழியாகத் தரையில் விழுந்த வெயிலைப் பார்த்தார். பிறகு எபினேசரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னத்தப் பாக்குற? போடு, போடு. சீனியரு வுட்டுக்குடுக்குறேன், நீயே மொதல்ல போடு,” என்றார் எபினேசர். பல மாதத்துக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். பேசிய வாய்க்கே அது பிடிக்கவில்லை.

பெருமாள்சாமி தன் இரண்டு பிஸ்டனையும் எண்ணெயில் தோய்த்து, வளையங்களைப் பட்டைபோட்டு இறுக்கி, சுத்தியல் பிடியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார். கை துடைத்துக்கொண்டு பீடி பற்ற வைக்க வெளியே போனார்.

அவர் முதுகு மறைந்ததும் எபினேசர் பாய்ந்துபோய் எட்டிப் பார்த்தார். இரண்டு அம்பும் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தன.

சுவரை! ரோட்டைப் பார்க்க வேண்டிய அம்பு சுவரைப் பார்க்கிறது! மாட்டினான் தின்னவேலி!

எபினேசருக்கு மூச்சே நின்று போயிற்று. சந்தோஷத்தில் அவர் உடம்பு தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியதைத் தான் கண்ணால் பார்த்ததாக டயர் கடைக்காரன் இன்றைக்கும் சத்தியம் செய்வான். அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரே ஒரு நிமிஷம் நின்று நிதானித்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். திருப்பிவைத்த இன்ஜினில் அம்பு சுவரைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் தவிர, பெருமாள்சாமி ஏமாந்திருந்தால் அம்பு மேற்கே, அதாவது ரோட்டைத்தானே பார்த்திருக்கும்? ஆனால் இருபது வருஷத்துப் பழக்கம் அவர் கழுத்தைப் பிடித்து ரோட்டுப் பக்கமே திருப்பி வைத்திருந்தது. இன்ஜினைத் திருப்பியவர் தன்னைத் திருப்பிக்கொள்ள மறந்துவிட்டார்.

தன் இரண்டு பிஸ்டனையும் எடுத்தார். கோயிலில் பாடுகிற பாட்டு ஒன்றை மூக்காலேயே பாடிக்கொண்டு, அம்புகளை ரோட்டைப் பார்க்க வைத்து, ஜம்மென்று இறக்கினார்.

பெருமாள்சாமி வாசலில் நின்று புகையை விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, நல்லாப் பாத்துத்தான் போடுதீரா?” என்றார் ஜாக்கியிடம்.

“பார்ரா! எனுக்கே கிளாஸ் எடுக்குறாரு! போயி உன் தாலியப் பத்திரமா பாத்துக்கய்யா!”

பெருமாள்சாமி பீடியைத் தரையில் போட்டு, தேவைக்கு அதிகமாகவே மிதித்தார். யாரும் பார்ப்பதற்கு முன் எபினேசரே இன்ஜினின் மூடியான ஹெட்டைத் தூக்கி மேலே வைத்து, போல்ட்டுகளை எல்லாம் இறுக்கி மூடினார். அப்படி ஒரு சுறுசுறுப்பு அவரிடம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

சாயங்காலம் கன்னியப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி, முகத்தில் முறைப்பு. அவருக்குப் பின்னால் டயர் கடைக்காரன், சந்திரம்மாள், ஷிப்ட் முடிந்து திரும்பிய கம்பெனிப் பையன்கள் என்று ஒரு தேர்க்கூட்டமே கூடியது. எபினேசர் கையைக் கட்டிக்கொண்டு அன்னபுஷ்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். அந்த அம்மாள் முகம் மாறுகிற அழகை அவர் முழுசாகப் பார்த்தாக வேண்டும்.

“இன்னா மேஸ்திரி, ரெடியா? காலைல ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு ஆளு ஏத்தணும்,” என்றார் கன்னியப்பன்.

“நம்ம பார்ட்டு ரெடி மொதலாளி. மத்தவுங்க பார்ட்டுதான் தெர்ல,” என்றார் எபினேசர், பரம சாதுவாக.

பெருமாள்சாமி நேரே சுவர்ப் பக்கம் போய், தார்ப்பாயை விலக்கி, பெரிய ஸ்பானரைப் போட்டு இன்ஜினைச் சுற்றினார். ஒரு கால் சுற்று போனது. அரைச் சுற்று போகவில்லை. டக். திருப்பி இழுத்தார். டக். இன்ஜின் கல்லாக நின்றது.

“இன்னாய்யா இது?” கன்னியப்பனின் குரல் மேலே போனது. “நாளைக்கு எவன் முதுகுல ஏத்தி ஆளை அனுப்புறது?”

அதற்குத்தானே காத்திருந்தார் எபினேசர். “அக்கா, ஹெட்டைக் கழட்டுறேன். நானா ஒண்ணும் சொல்லல. உங்க கண்ணாலயே பாத்துக்கங்க,” என்று, திரைச்சீலை விலக்குகிற நாடகக்காரர் மாதிரி போல்ட்டுகளைக் கழற்றினார். ஹெட் தூக்கப்பட்டது. நாலு பிஸ்டனும் தெரிந்தன. இரண்டு அம்பு ரோட்டைப் பார்த்தது, இரண்டு அம்பு சுவரைப் பார்த்தது. பார்க்கிறதுக்கு அவைகூடப் பேச்சுவார்த்தை இல்லாத மெக்கானிக்குகள் மாதிரிதான் இருந்தன.

“பாத்தீங்களா? ஒலகமே பாத்துக்கோ!” எபினேசர் விரலை நீட்டினார். “இது ரெண்டும் என்து, ரோட்டைப் பாத்துகினு கீது, ராஜா மாரி. அது ரெண்டும் அந்தாளு போட்டது. அம்மா ஊட்டுக்குக் கோச்சிகினு போன பொண்டாட்டி மாரி சொவுத்தப் பாத்துகினு கீது. பிஸ்டனு போடத் தெரியாதவன் எல்லாம் மெக்கானிக்கா? இவன் கைக்கு ஒரு சைக்கிள் பம்பு குடுக்கலாமா?”

கூட்டத்தில் ஒருவன் விசில் அடித்தான். அன்னபுஷ்பம் மட்டும் இன்ஜினையும் எபினேசரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எபினேசரு, இன்ஜினுக்கு முன்பக்கம் எது?”

“ரோட்டுப் பக்கம்தான்க்கா!”

அன்னபுஷ்பம் ரோட்டுப் பக்கத் தார்ப்பாயை ஒரே இழுப்பாக இழுத்தார். கோதுமை மூட்டை அளவுக்கு ஒரு ஃப்ளைவீல், பல் பல்லாகச் சிரித்துக்கொண்டு, மாலை வெயிலில் தகதகவென்று மின்னியது.

“இது இன்னா?”

“ஃப்ளை...” என்றார் எபினேசர். மிச்சப் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“ஃப்ளைவீலு முன்னாடி இருக்குமா, பின்னாடி இருக்குமா?”

கூட்டத்தில் வெடித்த சிரிப்பில் ஷெட்டின் தகரக்கூரை எழும்பி உட்கார்ந்தது. சந்திரம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். “மேஸ்திரிக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னே தெரியாது போல! பேன்ட்டு எப்பிடிப்பா போடுறாரு?” என்று கத்தினான் டயர் கடைக்காரன். எபினேசரின் காது மடல்களில் வெங்காயம் வதக்கலாம் போல் சூடேறியது.

இப்போது அவர் முன்னால் இரண்டே வழிதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டால், பிஸ்டன் போடத் தெரியாத முட்டாள் என்று ஒரகடம் முழுக்கப் பேசும். வாயைத் திறந்தால், இன்னொருவன் வேலையில் குழிதோண்டிய அயோக்கியன் என்று பேசும். எபினேசர் அதிகம் யோசிக்கவில்லை. கர்த்தருக்கு முன்னால் பாவியாக நிற்கலாம், கர்த்தர் மன்னிப்பார். கன்னியப்பன் டிரைவர்களுக்கு முன்னால் வேலை தெரியாதவனாக நிற்க முடியுமா?

“எனுக்குத் தெரியாம ஒண்ணும் போடல!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். “இன்ஜினத் திருப்பி வெச்சதே நாந்தான்! இவன் மேக்க மேக்கன்னு சொல்லிகினு தப்பா மாட்டுவான்னு நாந்தான் திருப்புனேன்! அப்பால மறந்துட்டேன். கெட்டவன்னு சொல்லு, ஒத்துக்குறேன். வேலை தெரியாதவன்னு மட்டும் எவனும் சொல்லாத!”

சிரிப்பு நின்றது. அன்னபுஷ்பம் அவரை முறைத்தார். பிறகு பெருமாள்சாமி பக்கம் திரும்பினார்.

“உனுக்குத் தெரியுமா?”

“சாப்ட்டு வந்ததுமே தெரியும்க்கா. எஞ்சின் கெழக்க பாத்து நிக்கி. நிக்கித திசை தெரியாமலா அதுல கைய வைப்பேன்?”

“இவரு தப்பா போடறதையும் பாத்தியா?”

“ரெண்டையும் பாத்தேன். பீடி குடிச்சிக்கிட்டே பாத்தேன்.” பெருமாள்சாமி மீசையைத் தடவினார். “நல்லாப் பாத்துத்தான் போடுதீரான்னு கேக்கவும் செஞ்சேன். தாலியப் பாத்துக்கன்னாரு. பாத்துக்கிட்டேன்.”

“அடப் பாவிகளா,” என்றார் அன்னபுஷ்பம். “ஒருத்தன் பள்ளம் வெட்டுறான், ஒருத்தன் அவன் வுழறத ஒக்காந்து பாக்குறான். நடுவுல என் ஷெட்டு சாவுது.” ஆனால் காலையில் சொன்ன சொல்லிலிருந்து அவர் நகரவில்லை. “தப்பு எபினேசரு கைலதான் வந்துச்சு. பெருமாள்சாமி, இனிமே நீதான் மேஸ்திரி. எபினேசரு, நீ அவரு சொல்ற வேலையச் செய்யி. இஷ்டம் இல்லன்னா கேட்டு தொறந்துதான் கீது.”

கேட் திறந்துதான் இருந்தது. எபினேசர் அதைப் பார்த்தார். அதற்கு வெளியே கம்பெனிப் பையன்கள் அதற்குள்ளேயே அவர் கதையைக் கை கால் ஆட்டி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஃப்ளைவீலாகவே மாறிவிட்டிருந்தான். அந்தக் கூட்டத்தைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டுமே என்று நினைத்ததும் கால் ஷெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. நாளைக்குப் பால்காரன் என்னவென்று கூப்பிடுவான்?

“வே எபினேசரு,” என்றார் பெருமாள்சாமி. அண்ணாச்சி போய்விட்டது. “கீழ படுத்து உம்ம ரெண்டு பிஸ்டனையும் கழத்தும்.”

எபினேசர் பல்லைக் கடித்துக்கொண்டு, சாக்கை விரித்து இன்ஜினுக்கு அடியில் படுத்தார். எண்ணெய்ச் சொட்டு ஒன்று குறிபார்த்து அவர் நெற்றியில் விழுந்தது.

அப்போது மேலே கன்னியப்பன் தொண்டையைச் செருமினார். ஹெட்டைக் கழற்றியதிலிருந்து அவருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை.

“மேஸ்திரி!” என்று கர்ஜித்தார்.

“சொல்லுங்க மொதலாளி,” என்றார் எபினேசர், பழக்கதோஷத்தில், அடியிலிருந்தே.

“நீ இல்லய்யா. புது மேஸ்திரி! யோவ், இங்க வாய்யா மீசை! தப்பா போடுறான்னு தெரிஞ்சி பீடி குடிச்சிகினு பாத்தியாமே? அது உங்கப்பன் ஊட்டு இன்ஜினா? காலைல அறுவது பேரு பஸ் ஸ்டாப்புல நிப்பான், அவனுங்களுக்கு நீ பீடி குடிச்சிக் காட்டுறியா? பொறுப்பு யாரு? நீதான பொறுப்பு? சொல்லுய்யா, நீதான மேஸ்திரி?”

“மொதலாளி, நான் என்ன சொல்லுதேன்னா...”

“நீ ஒண்ணும் சொல்லாத! நான் சொல்றேன், நீ கேளு!”

கன்னியப்பனின் வசவு சாதாரண வசவு அல்ல. ஒருமுறை அவர் திட்டியதில் நின்றுபோன பஸ் ஒன்று டிரைவர் ஏறாமலே ஸ்டார்ட் ஆனதாகச் சொல்வார்கள். இருபது வருஷமாக அதை ஒரு துளி சிந்தாமல் தன் தலையிலேயே வாங்கியவர் எபினேசர். அது இன்னொருவன் தலையில் கொட்டும்போது எப்படி இருக்குமென்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அடியில் படுத்துப் பார்க்கிறபோது பெருமாள்சாமியின் கால் இரண்டு மட்டுமே தெரிந்தன. அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றுகொண்டிருந்தன.

“நல்லா கேளுங்க மொதலாளி!” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் எபினேசர். “நானும் அதான் கேக்குறேன், மேஸ்திரின்னா ஒரு பொறுப்பு வேணாம்?”

“நீ வாய மூடிகினு வேலையப் பாருய்யா!”

எபினேசர் வாயை மூடிக்கொண்டார். மேலே பெருமாள்சாமியின் அப்பன் முடிந்து பாட்டன் ஆரம்பமாகியிருந்தான். ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாதென்று, ஓசையே வராமல், முடிந்த மட்டும் மெதுவாக அவர் நட்டைத் திருகினார்.